கையால் உருவினால் ரத்த ஓட்டம் கூடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயது. பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. தை மாதம் கல்யாணம். யூடியூபில் பார்த்து ஒரு பயிற்சி செய்து வருகிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, அரைகுறை விறைப்பில் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாக்கி, ஆணுறுப்பை அடியிலிருந்து நுனிவரை பால் கறப்பது போல உருவ வேண்டும். 'ஜெல்கிங்' என்கிறார்கள். ரத்த ஓட்டம் கூடி, திசு வளர்ந்து, நிரந்தரமாகப் பெரிதாகுமாம். செய்து முடித்ததும் தடித்த மாதிரிதான் தெரிகிறது. ஆனால் இப்போது தோலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். தொடரலாமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: இன்றோடு நிறுத்திவிடுங்கள் தம்பி. அந்தப் புள்ளிகள், தோலுக்கு அடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து கசிந்த இடங்கள். கையை எடுத்துவிட்டால் தானே மறையும்.

தை, ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும்போது என் ஓ.பி.யில் இந்தக் கேள்வி அதிகமாகிவிடும். "ஃப்ரெண்டுக்காகக் கேட்கிறேன் சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் நேராகவே கேட்டுவிட்டீர்கள், நல்லது.

ஆணுறுப்புக்குள் நீளவாக்கில் இரண்டு திசுத் தூண்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் நிறைய நுண்ணறைகள், சுற்றிலும் உறுதியான ஒரு உறை. ஆசை வந்ததும் நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படுகிறது. (ரத்தக் குழாயைத் தளர்த்தும் தூதன் இந்த வாயுதான் என்று கண்டறிந்த மூன்று பேருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. வயாகரா அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் அதே வருடம்தான்.) அது வந்ததும் தமனிச் சுவர்களிலும் அறைச் சுவர்களிலும் உள்ள தசை தளர்கிறது, ரத்தம் பாய்கிறது. அறைகள் உப்பும்போது, ரத்தம் வெளியேறும் சிரைகள் உறைக்கு அடியில் நசுங்கி அடைபடுகின்றன. விறைப்பு நிற்பது அதனால்தான். ஆகவே ரத்தம் உள்ளே வருவது தசை தளர்வதால். வெளியிலிருந்து அழுத்துவதால் தமனி விரிவதில்லை.

அப்படியானால் நீங்கள் பார்த்த தடிப்பு என்ன? விரல் வளையம் ஏற்கெனவே உள்ளே நிற்கிற ரத்தத்தை நுனிப் பக்கம் தள்ளுகிறது, திரும்பி வரும் வழியையும் மறிக்கிறது. நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து திசு வீங்குகிறது. அதாவது, அது வீக்கம். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். வீடியோவில் பயிற்சி முடிந்த கையோடு டேப்பை எடுத்து அளப்பதன் ரகசியமும் இதுதான்.

ஜிம்மில் கை பெருக்கிறதே என்று கேட்பீர்கள். புஜத்தில் இருக்கும் தசை வேறு வகை. பாரம் தூக்கினால் பருக்கும். இங்கே இருப்பது மென்தசையும் நார்த்திசுவும். நார்த்திசு அடிபட்டால் தழும்பாகத்தான் ஆறும். உறையில் தழும்பு விழுந்தால் அந்த இடம் மட்டும் விரியாது, விறைக்கும்போது உறுப்பு அந்தப் பக்கமாக வளையும். 1743இலேயே ஒரு பிரெஞ்சு அறுவை மருத்துவர் எழுதி வைத்த நோய் இது. இன்றும் அவர் பெயரால் பெய்ரோனி நோய் என்கிறோம். உறை சரியாக வேலை செய்யாவிட்டால் சிரைகள் முழுதாக அடைபடாமல் ரத்தம் ஒழுகி, விறைப்பே தளரலாம். பெரிதாக்கப் போய் இருப்பதையும் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

ரத்த ஓட்டத்துக்கு உடம்பே ஏற்பாடு செய்திருக்கிறது. ஆரோக்கியமான ஆணுக்குக் கனவுத் தூக்கத்தில், ஒரு இரவில் மூன்று முதல் ஐந்து முறை வரை விறைப்பு வந்து போகும். அப்போது ஆக்சிஜன் நிறைந்த தமனி ரத்தம் உள்ளே நிரம்புகிறது. நேரத்துக்குத் தூங்குங்கள். சிகரெட் இருந்தால் விடுங்கள். ரத்தக் குழாயின் உள்சுவரை அது கெடுக்கும்.

அளவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பல நாட்டு ஆய்வுகளில் அளக்கப்பட்ட 15,521 ஆண்களின் கணக்கை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் தொகுத்தார்கள். விறைத்த நிலையில் சராசரி நீளம் 13.12 செ.மீ., சாதாரண நிலையில் 9.16 செ.மீ. நள்ளிரவு டி.வி. வைத்தியர்கள் இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள், வியாபாரம் படுத்துவிடும்.

வளைவு, உள்ளே கட்டி போலத் தட்டுப்படுதல், மேல்புறம் கயிறு போல் தடித்த சிரை, விறைப்பில் வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் யூராலஜி டாக்டரைப் பாருங்கள். விறைத்திருக்கும்போது 'டப்' என்று சத்தம் கேட்டு உடனே வீங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கேள்வி: வயது 48, பத்து வருடமாகச் சர்க்கரை. விறைப்பு குறைந்துவிட்டது. வேக்யூம் பம்ப் வாங்கினால் ரத்த ஓட்டம் சரியாகுமா?
– திருச்சி வாசகர்

பதில்: காற்றை உறிஞ்சி உறுப்புக்குள் ரத்தத்தை இழுக்கும் இந்தப் பம்ப் உறவு நேரத்துக்கு உதவும், நோயைக் குணமாக்காது. அழுத்தக் கட்டுப்பாடு உள்ளதாக வாங்குங்கள், ரத்தம் திரும்பிப் போகாமல் அடியில் மாட்டும் வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்றிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஆனால் உங்களுக்கு முதல் வேலை பம்ப் அல்ல. ஆணுறுப்புத் தமனியின் விட்டம் 1 முதல் 2 மி.மீ., இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ. அடைப்பு சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்து, ஒரு ஈ.சி.ஜி.யும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அப்புறம் பம்பைப் பற்றிப் பேசலாம்.