இப்போதே 5 கிலோவாட் சோலார் போட வேண்டுமா?

கேள்வி: திருச்சியில் சொந்த வீடு, நான்கு பேர் இருக்கிறோம். மொட்டை மாடியில் சோலார் போட விலை விசாரித்தோம். ஒருவர் 3 கிலோவாட் போதும் என்கிறார். இன்னொருவர், "பிற்காலத்துக்கும் சேர்த்து 5 போட்டுவிடுங்கள்" என்கிறார். என் தம்பியோ 10 கிலோவாட் போட்டு மிச்சத்தை ஈபிக்கு விற்கலாம் என்கிறான். இப்போது ஒரு ஏசி இருக்கிறது. அடுத்த கோடைக்குள் மகள் அறைக்கு இன்னொன்று வரும். இரண்டு வருடத்தில் மின்சாரக் கார் வாங்கும் எண்ணமும் இருக்கிறது. கடந்த ஒரு வருடத்து ஆறு பில்களில் இருந்த யூனிட்: 420, 480, 760, 740, 560, 440. எந்த அளவு சரி?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஆறு பில்லையும் எழுதி அனுப்பியது மிகவும் நல்லது. கோடை பில்லை மட்டும் பார்த்தால் அளவு பெரிதாகும், மழைக்கால பில்லை மட்டும் பார்த்தால் சுருங்கிவிடும். ஒரு முழு வருடத்தைக் கூட்டினால்தான் உண்மை தெரியும். உங்கள் வீட்டுக்கு அது 3,400 யூனிட்.

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் நல்ல நாளில் 4 முதல் 5 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது வெகுவாகக் குறையும். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1 கிலோவாட்டுக்கு 1,400 யூனிட் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. பகலில் மிஞ்சும் மின்சாரம் நெட் மீட்டர் வழியாக ஈபிக்குப் போய், இரவில் நீங்கள் எடுப்பதோடு கழிந்துவிடும். ஒரு பில்லில் மிஞ்சினால் அடுத்த பில்லுக்கு வரவாகும்.

பலரும் விடும் இடம் ஒன்று உண்டு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், வருடத்துக்கு 600. அதைச் சோலாரில் உற்பத்தி செய்து உங்களுக்கு ஒரு பைசா லாபமில்லை. ஆகவே "பில் பூஜ்ஜியம்" என்ற விளம்பர வாசகத்துக்காகப் பயன்பாடு முழுவதையும் பேனலால் நிரப்ப வேண்டியதில்லை. 3,400-இல் 600 போனால் 2,800. இன்றைய தேவைக்கு 2 கிலோவாட்டே போதும்!

இனி விலையைப் பாருங்கள். நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலைக் கட்டணப்படி 400 யூனிட் வரை யூனிட்டுக்கு 5 ரூபாய்க்கும் கீழேதான். 500-ஐத் தாண்டியதும் 8.55, 600-ஐத் தாண்டியதும் 9.65, 800-க்கு மேல் 10.70, ஆயிரத்துக்கு மேல் 11.80. 500-ஐத் தாண்டும் வீட்டுக்குக் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையில் ஒரு பகுதியும் போய்விடும். அதனால் நீங்கள் போடும் முதல் கிலோவாட், கோடையில் 9 ரூபாய் யூனிட்டுகளை வெட்டித் தள்ளும். அடுத்தது 5 ரூபாய் யூனிட்டுகளை. அதற்கும் மேலே போடுவது, ஏற்கெனவே மலிவாகவோ இலவசமாகவோ வரும் யூனிட்டுகளைத்தான் மிச்சப்படுத்தும். விலைப்பட்டியல் தருகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை. எல்லா கிலோவாட்டும் ஒரே அளவு சம்பாதிக்கும் என்பதுபோல "எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும்" என்று ஒரு கணக்கு போட்டுக் கொடுக்கிறார்கள்.

இப்போது வரப்போகும் தேவை. 1.5 டன் ஏசியின் நட்சத்திர ஸ்டிக்கரில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. ஐந்து நட்சத்திர ஏசி என்றால் ஏறத்தாழ 800 யூனிட் என்று வையுங்கள். மின்சாரக் கார், நம் ஊர் போக்குவரத்தில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் வருடத்துக்கு 1,700 யூனிட். இரண்டையும் சேர்த்தால் 5,900. இலவசம் 600 போக 5,300. அதற்கு 3.8 கிலோவாட் வேண்டும். கேஸ் அடுப்பை விட்டு முழுக்க இண்டக்‌ஷனுக்கு மாறினால் தினம் 2.5 யூனிட் கூடும், அப்போது 4.5 கிலோவாட் பக்கம் வந்துவிடும்.

ஆக 5 என்று சொன்னவரின் கணக்கு தப்பில்லை, காலம்தான் தப்பு. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், மொத்தம் 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அதே 78,000-தான். நான்காவது, ஐந்தாவது கிலோவாட் முழுக்க உங்கள் கைக்காசு. கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் என்று வைத்தாலும் 1,20,000 ரூபாய். இன்னும் வாங்காத காருக்காக அதை இன்றே மாடியில் முடக்குவதை நான் ஏற்கமாட்டேன். கார் தள்ளிப்போகலாம். மகள் படிப்புக்காக வெளியூர் போனால் அந்த ஏசி வருடத்தில் பத்து மாதம் ஓடாமல் கிடக்கலாம்.

என் பதில்: பேனல் 3 கிலோவாட்டுக்கு மட்டும். 550 வாட் பேனல் ஆறு போட்டால் 3.3 வரும். இன்றைய தேவையை விட இதுவே ஒரு கிலோவாட்டுக்கும் மேல் அதிகம், அதாவது இரண்டாவது ஏசியை இப்போதே தாங்கும். கார் வந்த பிறகு நான்கு பேனல் சேர்த்தால் 5.5.

பின்னால் மாற்றினால் செலவு வைக்கும் விஷயங்களை மட்டும் இன்றே பெரிதாகச் செய்யுங்கள். முதலாவது இடம். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாமல் வேண்டும். பத்து பேனலுக்கான வரைபடத்தை இன்றே போட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத தெற்குப் பக்கத்தைக் காலியாக வைத்துவிடுங்கள். பிறகு அங்கே துணி காயப்போடும் கொட்டகை எழும்பிவிடக் கூடாது. இரும்புச் சட்டத்தைத் தொடர்ந்து நீட்டும்படி அமைக்கச் சொல்லுங்கள். மாடியிலிருந்து மீட்டர் பெட்டிக்கு இறங்கும் பைப், இன்னொரு ஜோடி கேபிள் நுழையும் அகலத்தில் இருக்கட்டும். சில நூறு ரூபாய் வேலை இது. விட்டுவிட்டால் பின்னால் சுவரை உடைக்க வேண்டிவரும்.

பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் கொஞ்சம் நிதானம் தேவை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே த்ரீ பேஸ் இருந்தால், இப்போதே 5 கிலோவாட் இன்வெர்ட்டர் வாங்கலாம். பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது சிறியதோ அதைத்தான் மானியத்துக்குக் கணக்கில் எடுப்பார்கள். பேனல் 3-க்கு மேல் இருப்பதால் மானியம் குறையாது. ஆனால் இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: "ஆறே பேனல் வரிசையில் இந்த இன்வெர்ட்டர் மே மாதச் சூட்டிலும் ஓடுமா?" பேனல் சூடேறினால் வோல்டேஜ் இறங்கும். பெரிய த்ரீ பேஸ் இன்வெர்ட்டர்கள் சிலவற்றுக்கு ஆறு பேனலின் வோல்டேஜ் விளிம்பில்தான் இருக்கும். இன்வெர்ட்டர் ஓடத் தொடங்க வேண்டிய வோல்டேஜ் எவ்வளவு என்பது அதன் விவரத்தாளில் அச்சாகியிருக்கும், வாயால் சொல்வதை நம்பாமல் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். தனித்தனியாக இயங்கும் இரண்டு எம்பிபிடி உள்ளீடு (பேனல் வரிசையிலிருந்து முடிந்தவரை அதிக மின்சாரத்தை எடுக்கும் இணைப்பு) இருப்பதாகவும் பாருங்கள். மூன்று வருடம் கழித்து இதே 550 வாட் பேனல் கடையில் கிடைக்காது, வேறு வாட்டில்தான் வரும். அதைப் பழைய வரிசையோடு கோக்காமல் இரண்டாவது உள்ளீட்டில் தனியாக இணைக்கலாம்.

சிங்கிள் பேஸ் வீடென்றால் 3 கிலோவாட் இன்வெர்ட்டரோடு நிறுத்துங்கள். கார் சார்ஜர் 7 கிலோவாட் என்று வந்தால் எப்படியும் த்ரீ பேஸுக்கு மாறவேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில் கூடுதல் பேனலுக்கு இன்னொரு சிறிய இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளலாம்.

கூடுதல் பேனல் போடும்போது ஈபியிடம் மறுபடி விண்ணப்பித்துத்தான் போட வேண்டும். சோலார் அளவு, இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவோடு பொருந்த வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தியிருப்பதால் நடைமுறை முன்னைவிட எளிது. சொல்லாமல் நாலு பேனலைச் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தம்பியின் 10 கிலோவாட் வேண்டாம். வருடத்துக்கு 14,000 யூனிட் வரும், உங்களுக்குத் தேவை அதில் பாதிகூட இல்லை. மிச்சத்துக்கு என்ன கிடைத்தாலும் அது நீங்கள் கட்டும் 9 ரூபாய்க்குப் பக்கத்தில் வராது. விதியும் மாறக்கூடியது. 2019-இல் நெட் மீட்டரிங் போய், வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் குறைந்த விலை தரும் முறை தமிழ்நாட்டில் வந்தது. வீடுகளுக்கு மறுபடி நெட் மீட்டரிங் கிடைத்தது 2021-இல். உங்கள் வீட்டுப் பயன்பாட்டுக்குள் அடங்கும் அமைப்பை இப்படிப்பட்ட மாற்றங்கள் அதிகம் பாதிக்காது. விற்பதை நம்பிப் போட்ட அமைப்புத்தான் அடிவாங்கும்.

கேள்வி: 3 கிலோவாட் போட்டேன். மே மாத உச்சி வெயிலில்கூட ஆப்பில் 2.3 கிலோவாட்டுக்கு மேல் ஏறவில்லை. பிப்ரவரியில் இதைவிட நன்றாக வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?
- வேலூர் வாசகர்

பதில்: இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பேனலின் முதுகில் எழுதியிருக்கும் வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. வேலூர் மே மாதத்தில் பேனல் 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும், 40 டிகிரிக்கு சுமார் 14 சதவீதம் போய்விடும். மேலே தூசி, கேபிள், இன்வெர்ட்டர் இழப்பு வேறு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. அதனால்தான் பிப்ரவரியில் நன்றாக வந்தது.

உச்சி நேர எண்ணை விடுங்கள். மாத மொத்த யூனிட்டை நாட்களால் வகுத்துப் பாருங்கள். மழையில்லாத மாதத்தில் தினம் 12 யூனிட் பக்கம் வந்தால் உங்கள் அமைப்பு சரியாகவே ஓடுகிறது. 9-க்குக் கீழே என்றால் முதலில் பேனலைக் கழுவுங்கள், காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மேலே ஏறி எங்காவது நிழல் விழுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் தேறவில்லை என்றால் போட்டவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்தான் ஆகிறது. 1 கிலோவாட் போட்டால் 30,000 மானியம் என்கிறார்கள். போடலாமா?
- மதுரை வாசகர்

பதில்: வேண்டாம். 100 இலவசம் போக நீங்கள் காசு கட்டுவது 80 யூனிட்டுக்கு, யூனிட் 2.35 ரூபாய் வீதம் 188 ரூபாய். வருடத்துக்கு 1,128 ரூபாய். மானியம் போக 40,000 ரூபாய் கையிலிருந்து போட்டால் அது திரும்ப 35 வருடமாகும். பேனலுக்கு உத்தரவாதமே 25 வருடம்தான், இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வந்து பில் 400-ஐத் தாண்டட்டும், அப்போது யோசிக்கலாம்.

கேள்வி: எங்கள் பகுதியில் கரண்ட் அடிக்கடி போகும். சோலார் போட்டால் அந்தத் தொல்லை தீரும் என்று நினைத்தோம். பேட்டரியோடு ஹைப்ரிட் போட்டால்தான் ஓடும், அதற்கு ஒன்றரை லட்சம் கூடுதல் என்கிறார்கள். பேட்டரி எந்த அளவு வாங்குவது?
- நாகப்பட்டினம் வாசகி

பதில்: அவர்கள் சொல்வது உண்மைதான். பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைந்து ஓடும் சாதாரண ஆன்கிரிட் சோலார், ஈபி கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது.

பேட்டரியின் அளவுக்கும் பேனலின் அளவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் எது எது ஓட வேண்டும் என்று எழுதுங்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் நான்கு பிஎல்டிசி ஃபேன், ஐந்தாறு எல்இடி விளக்கு, வைஃபை, ஒரு சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து சராசரியாக 300 வாட் இருக்கும். நான்கு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். வீட்டில் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் யூபிஎஸ்ஸும் ஏற்கெனவே இருந்து, பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இதை அதுவே சமாளிக்கும். ஆன்கிரிட் சோலாரைத் தனியாகப் போட்டு, பழைய யூபிஎஸ்ஸை அப்படியே விட்டுவிடுங்கள். ஏசியும் மோட்டாரும் கரண்ட் இல்லாதபோதும் ஓடியே தீர வேண்டும் என்றால் மட்டும் ஹைப்ரிட்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைப் பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்குச் செலவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் கரையைக் கடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் காற்று வேகத்துக்குச் சட்டத்தை வடிவமைத்தார்கள் என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். கடலோரத்துக்கு விநாடிக்கு 50 மீட்டருக்குக் குறைவாக எழுதினால் ஏற்காதீர்கள். கீழே உட்காரலாம் என்று எட்டடி உயரத்தில் தூக்கிக் கட்டாமல் தரையை ஒட்டிச் சாய்த்துப் போட்டால் காற்று பிடிக்கும் இடம் குறையும், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இரும்பும் குறைவாக இருக்கும். ஹாட் டிப் முறையில் துத்தநாகம் பூசிய ஜிஐ என்று பில்லிலேயே இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த இரும்புச் சட்டத்தை உங்கள் ஊரில் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.