அலுமினிய உருக்கில் ஆடை: எடுக்க எடுக்க ஏன் வருகிறது?

கேள்வி: வியாசர்பாடியில் சின்னப் பட்டறை. காயலான் கடைச் சரக்கை மூசையில் உருக்கி புல்லி, பிராக்கெட் வார்க்கிறோம். மேலே படியும் சாம்பல் ஆடையை வழித்தெடுத்தால் உடனே மறுபடி படிகிறது. சரக்கு நிறைய கசடாகப் போகிறது. வார்ப்பிலும் மடிப்புக் கோடுகள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அகப்பையைக் கீழே வையுங்கள். உருகிய அலுமினியம் காற்றுப் பட்ட கணமே அலுமினா (அலுமினிய ஆக்சைடு) ஆடையைப் போர்த்திக்கொள்ளும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அந்த ஆடை உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். புளோயரை எவ்வளவு கூட்டினாலும் கரையாது. கிழியாதவரை அடியிலுள்ள உலோகத்துக்கு அதுதான் மூடி. வழிக்கும்போதெல்லாம் புது உலோகம் ஆடையாகிறது, நல்ல உலோகமும் ஒட்டிக்கொண்டு வெளியேறுகிறது.

சரக்கைப் பிரித்துப் போடுங்கள். பிஸ்டன், சிலிண்டர் ஹெட் போன்ற கனமானவற்றை, இரும்பு போல்ட்டைக் கழற்றிவிட்டு, முதலில் உருக்குங்கள். மெல்லிய தகட்டை அமுக்கிக் கட்டியாக்கி, அந்த உருக்குக்குள் மூழ்கடியுங்கள்; தீயில் நேராகக் காட்டினால் உருகுமுன் பாதி ஆடையாகிவிடும். பானக் கேன் வேண்டவே வேண்டாம்: அதிலுள்ள மெக்னீசியம் ஆடையைத் தடிப்பாக்கும், அச்சில் ஓட்டமும் வராது. எதைப் போட்டாலும் உலை விளிம்பில் நன்றாகச் சுட வைத்த பிறகே போடுங்கள். ஈரத்தோடு உள்ளே போனால் உருக்கு வெடித்துச் சிதறும்.

சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு சம எடை கலந்த பிளக்ஸ் (கசடிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் உப்புக் கலவை), 10 கிலோ உருக்குக்கு 100 கிராம் போதும். வடசென்னைக் கடற்காற்றில், அதுவும் ஐப்பசி மழையில், பிரித்த பை ஈரம் இழுத்துவிடும். மூடிய டப்பாவில் வைத்து, வறுத்துப் பயன்படுத்துங்கள். ஈரம் ஹைட்ரஜனாக உலோகத்தில் கரைந்து ஊசித்துளை விடும். பிளக்ஸைத் தூவி மேற்பரப்பில் மட்டும் மெல்லத் தேயுங்கள், அடியைக் கிளறாதீர்கள். கசடு பொடிப்பொடியானால் உலோகம் பிரிந்து இறங்கிவிட்டது என்று பொருள். புகையை வெளியேற்ற வழி இருக்கட்டும்.

720 டிகிரி சுமாருக்கு வந்ததும், ஊற்றுவதற்குச் சற்று முன் ஒரே முறை வழியுங்கள். அகப்பை பூச்சுப் பூசி, சூடேறியதாக இருக்க வேண்டும்.

மடிப்புக் கோடு ஊற்றும் விதத்தால் வருவது. உலோகம் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேகமாக அச்சுக்குள் புகுந்தால் ஆடை மடிந்து உள்ளே போகும். மடிப்பின் இரு முகங்களும் ஒட்டாது. வெறும் 13 மில்லிமீட்டர் விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடும். அதனால் மூசை வாயை அச்சோடு நெருக்கி, ஸ்ப்ரூ (அச்சில் உலோகம் இறங்கும் செங்குத்து வழி) எப்போதும் நிறைந்திருக்கும்படி இடைவிடாமல் ஊற்றுங்கள். வார்ப்புக் குழிக்குள் உலோகம் நுழையும் வாயை (கேட்) அகலமாக வெட்டினால் வேகம் தணியும்.

எடுத்த கசடில் மழைநீர் படவிடாதீர்கள், அம்மோனியா கிளம்பும். காய்ந்த டிரம்மில் சேர்த்தால் காயலான் கடையிலேயே விலை போகும்.