கணினி கேள்வி – பதில்: பழைய கணினியில் தொலைபேசி வழி இணையம்

(விண்டோஸ் எக்ஸ்பி புதிதாக இருந்த, டயல்-அப் எனப்படும் தொலைபேசி வழி இணையம் வழக்கில் இருந்த 2000களின் தொடக்கக் காலத்துக் கேள்வி – பதில் இது.)

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினி 1998இல் வாங்கியது. 233 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் எம்.எம்.எக்ஸ். பிராசசர், 32 எம்.பி. ராம், விண்டோஸ் 98. கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்காக டயல்-அப் இணைப்பு வாங்க நினைக்கிறோம். இந்தக் கணினியில் இணையம் ஓடாது, விண்டோஸ் எக்ஸ்பி உள்ள புதிய கணினி வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். அது உண்மையா? எதை வாங்கி, எப்படி அமைப்பது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: தாராளமாக ஓடும். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது 486 என்ற பழைய பிராசசர் உள்ள கணினிகளைக் கொண்டே பலர் அதில் இணைந்தார்கள். உங்களுடையது அவற்றைவிடப் பல மடங்கு திறன் வாய்ந்தது. எக்ஸ்பி நிறுவக் குறைந்தது 64 எம்.பி. ராம் தேவை என்பதால் உங்கள் கணினியில் அதைப் போட முடியாது என்பது மட்டும் சரி, ஆனால் இணையத்துக்கு எக்ஸ்பி தேவையில்லை. விண்டோஸ் 98இலேயே வேண்டியதெல்லாம் இருக்கிறது. கையில் பணம் மிஞ்சினால் இன்னொரு 32 எம்.பி. ராம் வாங்கிச் செருகுங்கள். உலாவியில் இரண்டு மூன்று சாளரங்களைத் திறந்து வைக்கும்போது அதன் பயன் தெரியும்.

நீங்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது, கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவியான மோடத்தைத்தான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும், கணினிக்குள் செருகும் பி.சி.ஐ. கார்டு மோடம்களில் பெரும்பாலானவை ‘சாஃப்ட் மோடம்’ வகையைச் சேர்ந்தவை. தொலைபேசி ஒலியை இலக்கத் தகவலாகவும் தகவலை ஒலியாகவும் மாற்றும் வேலையைத் தாமே செய்யாமல் கணினியின் பிராசசர் தலையில் கட்டிவிடும். புதிய கணினிகளில் இது உறைக்காது. உங்கள் கணினியிலோ, ஒரு பெரிய பக்கம் திறக்கும்போது பிராசசர் திணறி இணைப்பே அறுந்துபோகலாம். ஆகவே விலை கூடுதலானாலும், சீரியல் போர்ட்டில் இணைக்கும் வெளி மோடத்தையே வாங்குங்கள். அது தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். அதன் முகப்பில் எரியும் விளக்குகள் இணைப்பின் நிலையைக் காட்டும். நாளை வேறு கணினி வாங்கினாலும் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். கணினியின் பின்புறத்தில் 9 ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில கணினிகளில் மவுஸ் அதைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருப்பது 25 ஊசிப் போர்ட்டாக இருக்கும். அப்படியானால் அதற்கேற்ற கேபிளைக் கேட்டு வாங்க வேண்டும்.

அமைக்கும் வேலையைக் கணினியிலிருந்து தொடங்காமல் சுவரிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் யோசனை. டயல்-அப் பற்றி எனக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி, விண்டோஸை மறுபடி நிறுவியும் தீராமல், கடைசியில், சுவரில் தொலைபேசி வயர் வந்து சேரும் ரோசட் பெட்டிக்குள் துருப்பிடித்த திருகிலோ, கதவிடுக்கில் நசுங்கிய வயரிலோ போய் முடிகின்றன. சாதாரணத் தொலைபேசியை எடுத்து ஏதேனும் ஓர் எண்ணை அழுத்தி டோனை நிறுத்திவிட்டுக் காதில் வையுங்கள். சரசரப்போ, தொலைவில் யாரோ பேசும் ஒலியோ கேட்டால் முதலில் புகார் பதிவு செய்து லைன்மேனை வரவழையுங்கள். நம் காது பொறுத்துக்கொள்ளும் இரைச்சலை மோடம் பொறுக்காது. வேறு அறைக்கு இணைத்தொலைபேசி இருந்தால், இணையத்தில் இருக்கும்போது அதை எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். ‘கால் வெயிட்டிங்’ வசதி இருந்தால் அதையும் நீக்கிவிடுவது நல்லது.

அடுத்து, மோடத்துடன் வந்த குறுந்தகட்டிலிருந்து டிரைவரை நிறுவிவிட்டு, கன்ட்ரோல் பேனலில் ‘மோடம்ஸ்’ என்பதைத் திறந்து, ‘டயக்னாஸ்டிக்ஸ்’ பக்கத்தில் மோடம் உள்ள போர்ட்டைத் தேர்ந்தெடுத்து ‘மோர் இன்ஃபோ’ பொத்தானை அழுத்துங்கள். சில நொடிகளில் மோடம் விடைகளை வரிசையாகத் தந்தால் கணினிக்கும் மோடத்துக்கும் இடையே பேச்சு நடக்கிறது என்று பொருள். (486 வைத்திருப்பவர்கள் அதே பக்கத்தில், சீரியல் போர்ட்டை இயக்கும் சில்லின் வகையைக் காட்டும் யூ.ஏ.ஆர்.டி. என்ற வரியையும் பார்க்கட்டும். 16550 என்று இருந்தால் கவலையில்லை, 8250 என்றிருந்தால் வேகமான வெளி மோடத்துக்கு அது ஈடுகொடுக்காது.)

பிறகு ‘மை கம்ப்யூட்டர்’ சாளரத்தில் ‘டயல்-அப் நெட்வொர்க்கிங்’ என்ற உறையைத் திறந்து ‘மேக் நியூ கனெக்‌ஷன்’ வழியாக உங்கள் சேவை நிறுவனம் தந்த எண்ணைப் பதியுங்கள். அந்த எண் எஸ்.டி.டி. (வெளியூர் அழைப்பு) இல்லாமல் உள்ளூர்க் கட்டணத்தில் கிடைப்பதுதானா என்று கணக்கு வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். உருவான இணைப்பின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ஏரியா கோடைப் பயன்படுத்தச் சொல்லும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்; எடுக்காவிட்டால் விண்டோஸ் தேவையில்லாத எண்களை முன்னால் சேர்த்து டயல் செய்யும். ‘சர்வர் டைப்ஸ்’ பக்கத்தில் இணையத் தொடர்புக்கான விதிமுறைகளான பி.பி.பி. என்பதும் டி.சி.பி./ஐ.பி. என்பதும் இருந்தால் போதும். அலுவலக நெட்வொர்க்குகளுக்கான நெட்பூயி, ஐ.பி.எக்ஸ்., ‘லாக் ஆன் டு நெட்வொர்க்’ ஆகிய மூன்றையும் நீக்கினால் ஒவ்வொரு முறையும் இணைப்புக் கிடைக்கும் நேரம் குறையும். நிறுவனம் தனியாக எண்கள் தந்திருந்தாலொழிய ஐ.பி. முகவரியையும் பெயர் சர்வர் முகவரியையும் சர்வரே தரட்டும் என்று விட்டுவிடலாம்.

கேள்வி: டயல் செய்தால் சில நேரம் 680, சில நேரம் 678, 691 என்று பிழை எண்கள் வருகின்றன. கடவுச்சொல்லைச் சேமிக்கும் கட்டமும் மங்கலாகவே இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: 680 என்றால் மோடத்துக்கு டயல் டோன் கேட்கவில்லை. வயரைச் சுவரிலிருந்து மோடத்தின் ‘லைன்’ துளையில் செருகாமல் ‘ஃபோன்’ துளையில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது சரியாக இருந்து, தொலைபேசியில் டோனும் தெளிவாகக் கேட்டால், நம் எக்ஸ்சேஞ்சின் டோன் அமெரிக்க டோனிலிருந்து வேறுபட்டிருப்பதால் மோடம் அதை அடையாளம் காணவில்லை என்று கொள்ளலாம். மோடத்தின் ‘கனெக்‌ஷன்’ பக்கத்தில் டயல் டோனுக்காகக் காத்திருக்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிட்டால் அது காத்திராமல் டயல் செய்யும். உங்கள் பகுதியில் இன்னும் பழைய எக்ஸ்சேஞ்ச் இருந்தால் ‘டோன்’ முறைக்குப் பதிலாகப் ‘பல்ஸ்’ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

678 என்பது மறுமுனை எடுக்கவில்லை என்ற செய்தி. எண்ணைச் சரிபார்த்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலுங்கள். 691 வந்தால் மகிழுங்கள், ஏனெனில் உங்கள் வயரும் மோடமும் சரியாக வேலை செய்து சர்வர் வரை போய்விட்டீர்கள்; பயனர் பெயரிலோ கடவுச்சொல்லிலோதான் பிழை. ‘கேப்ஸ் லாக்’ விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வாங்கிய மணிக்கணக்கு தீர்ந்திருந்தாலும் சில நிறுவனங்களில் இதே எண் வரும்.

கடவுச்சொல் சேமிக்கப்படாததற்குக் காரணம், விண்டோஸ் தொடங்கும்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறு பெட்டியை நீங்கள் ‘கேன்சல்’ செய்வதாக இருக்கலாம். அதில் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டாவது ‘ஓ.கே.’ கொடுங்கள், நெட்வொர்க் பட்டியலில் ‘கிளையன்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் பயன்படுத்தும் கணினியில் சேமிக்காமல் இருப்பதே மேல் என்பது என் எண்ணம்.

கேள்வி: 56கே (நொடிக்கு 56 கிலோபிட்) மோடம் வாங்கியும் வேகம் நொடிக்கு 31,200 பிட் என்றுதான் காட்டுகிறது. நண்பர் வீட்டில் 1,15,200 காட்டுகிறது. என் மோடம் போலியா?
– வாசகர், தருமபுரி

பதில்: நண்பரின் திரையில் தெரிவது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம், தொலைபேசிக் கம்பியில் அவருக்கும் உங்களைப் போலத்தான் ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்சேஞ்ச் நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக அனுப்புகிறது. அதாவது 64 கிலோபிட். அந்த இலக்கத் தகவலை நேரடியாகப் பயன்படுத்தியே 1998இல் வகுக்கப்பட்ட வி.90 தரம் 56 கிலோபிட் வரை எட்டுகிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சேவை நிறுவனத்திலிருந்து உங்கள் எக்ஸ்சேஞ்ச் வரை முழுதும் இலக்கத் தடமாக இருந்து, உங்கள் வீட்டுக் கம்பியில் மட்டுமே அது ஒலியாக மாற வேண்டும். இடையில் இன்னொரு முறை ஒலியாக மாறினாலும் வேகம் 33.6 கிலோபிட்டுக்கு மேல் ஏறாது. 31,200 என்பது இத்தகைய தடத்தில் கிடைக்கும் நல்ல வேகம்தான். பிட் வேறு, பைட் வேறு (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இந்த வேகத்தில் ஒரு எம்.பி. கோப்பு இறங்க ஏறக்குறைய நான்கரை நிமிடம் ஆகும். நீங்கள் அனுப்பும் திசையில் வி.90 மோடத்துக்கும் 33.6தான் உச்சம்.

கேள்வி: தொலைபேசிக் கட்டண ரசீதில் நாங்கள் பேசாத ஐ.எஸ்.டி. (வெளிநாட்டு) அழைப்புகள் இருக்கின்றன. மோடம் காரணமாக இருக்குமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இருக்கலாம். இலவசம் என்று சொல்லும் சில தளங்கள் ‘டயலர்’ என்ற சிறு நிரலைக் கணினியில் இறக்கி, இருக்கும் இணைப்பைத் துண்டித்து, ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டு, வெளிநாட்டு எண்ணுக்கு டயல் செய்கின்றன. ‘டயல்-அப் நெட்வொர்க்கிங்’ உறையில் நீங்கள் உருவாக்காத இணைப்பு தெரிந்தால் அழித்துவிடுங்கள். நிரலும் மறைந்திருக்கும் என்பதால் வைரஸ் தடுப்பு நிரலால் தேடிப் பாருங்கள். உறுதியான தடுப்பு எக்ஸ்சேஞ்சில்தான் இருக்கிறது: ஐ.எஸ்.டி. வசதியைப் பூட்டிவைக்க விண்ணப்பியுங்கள். மோடத்தின் ஸ்பீக்கர் ஒலியை எரிச்சலாக நினைத்து முழுதும் குறைத்துவிடாமல் இருப்பதும் நல்லது, வேளைகெட்ட நேரத்தில் டயல் ஒலி கேட்டால் உடனே வயரைப் பிடுங்கலாம்.

கேள்வி: ஐப்பசி இடியில் மோடம் கருகிவிட்டது. மின்சாரத்துக்கு ஸ்டெபிலைசர் வைத்திருந்தோமே?
– வாசகர், சிதம்பரம்

பதில்: மின்னல் அழுத்தம் தொலைபேசிக் கம்பி வழியாக வந்திருக்கும், ஸ்டெபிலைசர் அந்த வாசலைக் காப்பதில்லை. மேகம் திரண்டதும் மின் பிளக்கோடு தொலைபேசி வயரையும் மோடத்திலிருந்து கழற்றிவிடுங்கள். தொலைபேசித் துளையும் உள்ள சர்ஜ் புரொடெக்டர்கள் கிடைக்கின்றன. ஆனால் அவை வரும் அழுத்தத்தை எர்த் கம்பி வழியாகத்தான் தரைக்குக் கடத்துகின்றன என்பதால், வாங்குவதற்கு முன் எலெக்ட்ரீஷியனை அழைத்து உங்கள் பிளக் பாயின்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.