மல்லாட்டையில் (நிலக்கடலையில்) பொக்கு: ஜிப்சம் போட்டீர்களா?

டிஏபி, பொட்டாஷ் உரம் கொடுத்தும் பாதிக் காய் பருப்பில்லாத பொக்கு என்றால் முதல் சந்தேகம் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) குறைவுதான். விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் இது சகஜம். இலை பச்சையாக இருப்பதை நம்பாதீர்கள். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரே உறிஞ்சுகிறது, வேர் கொண்டுவந்து தராது. பொட்டாஷ் மிகுந்தால் அதுவும் தடைப்படும்.

பருப்பைப் பிளந்து பாருங்கள். முளைக்குருத்து கறுத்திருந்தால் சுண்ணாம்புக் குறை. பருப்பின் உள்பக்கம் குழிந்து பழுப்பேறியிருந்தால் போரான் குறை.

அடுத்த போகத்தில், இறவைப் பயிரானால், 40–45ஆம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் (சுண்ணாம்புச் சத்துள்ள உரம்) செடியோரம் தூவி மண் அணையுங்கள். காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்கியபின் களைக்கொத்து போடாதீர்கள்.

அதற்கு முன் காயோடு நாலைந்து செடிகளையும் அரைக் கிலோ மண்ணையும் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். கடலை அவர்களுக்குக் கைவந்த பயிர். விஆர்ஐ என்ற கடலை ரகங்கள் அங்கே உருவானவைதான். (உரக்கடையில் கேட்டால் டானிக்தான் கிடைக்கும்.) மண்ணை 10–15 இடத்தில் 15 செ.மீ. ஆழம் 'வி' வடிவில் வெட்டி, ஓரத்தைச் சுரண்டிக் கலந்து எடுங்கள். வரப்போரம், எருக்குவித்த இடம் வேண்டாம்.

சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் ஜிப்சம் போடாதீர்கள். காய் முற்றும்போது தண்ணீர் பற்றாமல் போனாலும் பொக்கு விழும், அதையும் யோசியுங்கள்.