மீட்டரைப் பீரோவில் வையுங்கள்: தண்ணீர் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வியாசர்பாடியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். குடிதண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பிள்ளைகளை வைத்தே ஆராய ஆசை. டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கியாயிற்று. வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து அளந்து, நல்லது, கெட்டது என்று எழுதுகிறார்கள். அடுத்து என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், அந்த மீட்டரை ஒரு வாரம் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்த்து, அதை வைத்துக் கரைந்த உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போடுகிற கருவி அது. தராசு எடையைச் சொல்லும், தட்டில் இருப்பது சர்க்கரையா எலி மருந்தா என்று சொல்லுமா? குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500இன்படி டி.டி.எஸ்., அதாவது கரைந்த பொருள்களின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை. அதே பட்டியலில் ஈயத்துக்கு எல்லை 0.01 மில்லிகிராம். ஈயம் அதைப் போல ஐந்து மடங்கு ஏறினாலும் மீட்டரில் ஒரு எண்கூட நகராது. சாக்கடை கொஞ்சம் கலந்தாலும் அப்படித்தான்.

அந்த ஒரு வாரத்தில், தங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரும் வழியைப் பிள்ளைகள் படமாக வரையட்டும். சென்னையில் ஒரே வீட்டில் நாலு தண்ணீர் புழங்கும்: குடிக்கக் கேன், சமைக்க மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்), துவைக்க போர், கோடையில் லாரி. மெட்ரோ வாட்டர் என்றாலும் அது புழல் ஏரித் தண்ணீரா, செம்பரம்பாக்கமா, வீராணத்திலிருந்து வருவதா, கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புவதா என்பது ஏரியாவுக்கு ஏரியா மாறும். அப்புறம் தெரு. குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது, மேன்ஹோல் எங்கே, மழை பெய்தால் எங்கே தேங்கும், சம்ப் மூடி தரை மட்டத்தில் இருக்கிறதா, எல்லாம் படத்தில் வரட்டும்.

இது எதற்கு என்றால், இருபத்து நாலு மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் குழாயில் விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியேதான் கசியும், நாமோ பல தெருக்களில் சில மணி நேரம் விட்டு நிறுத்துகிறோம், நிறுத்தியதும் உள்ளே அழுத்தம் இறங்க, பக்கத்தில் ஊறி நிற்கிற சாக்கடை அதே விரிசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்கள் வேறு. இந்தப் படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை, "காலையில் முதலில் வர்ற தண்ணியையும் அரை மணி கழிச்சு வர்றதையும் தனித்தனியா பார்க்கலாமா மிஸ்?" என்று கேட்டால் உங்கள் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சந்தேகத்துக்கு மலிவான சோதனைகள் இரண்டு உண்டு. ஒன்று குளோரின். குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். டி.பி.டி. என்ற சோதனை மாத்திரையைப் போட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். (பழைய பெட்டிகளில் மஞ்சள் நிறம் காட்டும் ஆர்த்தோடொலுடின் இருந்தால் தொடாதீர்கள், அது புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற சந்தேகம் உள்ள பொருள்.) தெருக்குழாய், சம்ப், மாடியில் இருக்கும் சின்டெக்ஸ், அடுப்படிக் குழாய் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் குளோரின் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்பது தெரியும். பல வீடுகளில் குற்றவாளி வாரியமா நம் சொந்தத் தொட்டியா என்பது அங்கேயே வெளிவந்துவிடும்.

இன்னொன்று ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில், சாக்கடைக் கிருமி இருக்கிறதா என்று காட்டும் மருந்து போட்ட பாட்டில். நம் நாட்டு விஞ்ஞானிகள் 1982இல் வெளியிட்ட முறை. தண்ணீரை ஊற்றி மூடி, நம்மூர் வெயிலுக்கு அறை வெப்பத்திலேயே 24 முதல் 48 மணி நேரம் வைத்தால் போதும். குடலில் வாழும் பல பாக்டீரியாக்கள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு, உள்ளே இருக்கும் இரும்போடு சேர்ந்து கறுக்கும். காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றிய பாட்டில் ஒன்று பக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும், அதுவும் கறுத்தால் தப்பு உங்கள் கையில். இயற்கையாகவே சல்பைடு உள்ள போர் தண்ணீர், கிருமி இல்லாமலும் கறுக்கும். கறுக்கவில்லை என்பதற்காக நற்சான்றிதழும் கொடுத்துவிடாதீர்கள். கறுத்த பாட்டிலைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது. நீங்களே கையுறை மாட்டி, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, ஒரு இரவு வைத்துவிட்டுக் கொட்டுங்கள்.

கேள்வி: ஆர்.ஓ. விற்க வந்தவர் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்தார். தண்ணீர் சேறாக மாறிவிட்டது! அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தது. பத்தாவது படிக்கும் மகன் பயந்து, இனி குழாய்த் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறான். (அம்பத்தூர் வாசகி)

பதில்: அம்மா, அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததில்லை, கம்பியில் இருந்து வந்தது. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், ஓடினால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு, மின்சாரம் சரியாக ஓடாது, அதனால் கம்பி கரையாது. உங்கள் மகனுடைய மின்னாற்பகுப்புப் பாடம்தான் இது, யாரோ அதை வைத்துக் காசு பார்க்கிறார்கள். அவனையே செய்யச் சொல்லுங்கள்: 9 வோல்ட் பேட்டரி, இரண்டு இரும்பு ஆணி, ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர், ஒரு சிட்டிகைச் சமையல் உப்பு. ஜன்னலைத் திறந்து வைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்கட்டும், 'சுத்தமான' தண்ணீரும் சேறாகும். வீட்டுக் கரண்டில் மட்டும் கை வைக்கவே கூடாது. அந்த விற்பனையாளர் மறுபடி வந்தால் உப்பு டப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

கேள்வி: காய்ச்சினால் எல்லாம் போய்விடுமா?

பதில்: கிருமி சாகும். கடினத்தன்மை கொஞ்சம் குறையும், பாத்திரத்தின் அடியில் ஒட்டும் வெள்ளை அதுதான். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். செப்டிக் டேங்க் பக்கத்தில் போர் போட்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். கைக்குழந்தை உள்ள வீட்டில் இன்னும் கூடுதல் கவனம்.

கேள்வி: நான் குரோம்பேட்டையில் பதினொன்றாவது படிக்கிறேன். எங்கள் போர் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. தோல் தொழிற்சாலை குரோமியம் என்கிறார்கள். பள்ளி லேபில் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: தம்பி, உங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் தோல் பதனிடும் கழிவின் குரோமியம் இருப்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம்தான், சந்தேகம் நியாயமானது. ஆனால் முதலில் இரும்பைப் பார். மோட்டார் ஓடும்போதே கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, மூடாமல் ஒரு இரவு வை. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காலையில் பழுப்பாகி அடியில் வண்டல் நின்றால் பெரும்பாலும் இரும்புதான், காற்றுப் பட்டதும் துருவாகிறது. குரோமியத்துக்கு எல்லை 0.05 மில்லிகிராம். அந்த அளவு கண்ணுக்குத் தெரியாது, பள்ளி லேபுக்கும் எட்டாது. தண்ணீர் தெளிவாக இருப்பதால் குரோமியம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், பாட்டிலையும் அவர்களிடமே வாங்கு, மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடி. ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று லேபில் இருக்கும் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்து விளையாடாதே, அதில் இருப்பதும் அதே நச்சுக் குரோமியம்தான்.

கேள்வி: மாணவர்கள் ஹைட்ரஜன் சல்பைடு பாட்டிலில் சோதித்ததில் எங்கள் பள்ளித் தொட்டித் தண்ணீரே கறுத்துவிட்டது. வெளியே தெரிந்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். என்ன செய்ய? (ஒரு தலைமை ஆசிரியர்)

பதில்: ஐயா, மறைக்க முடியாது, முப்பது பிள்ளைகள் பார்த்தாயிற்று, சாயங்காலமே முப்பது வீட்டுக்குப் போயிருக்கும். பாட்டில் சோதனை ஒரு எச்சரிக்கைதான், தீர்ப்பு இல்லை. அதே தொட்டியில் இன்னொரு முறை எடுத்து, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் தண்ணீர்ப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்புங்கள். தரப்படி 100 மில்லியில் ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. முடிவு வரும்வரை காய்ச்சிய தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லிவிடுங்கள், காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். தொட்டியைக் கழுவி, மூடியைச் சரிசெய்து, குளோரின் போட்ட பிறகு அதே மாணவர்களை மறுபடி சோதிக்க விடுங்கள். இரண்டு முடிவுகளையும் தேதி போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், சண்டைக்கு வருகிறவர்களும் அதையே படித்துக்கொள்ளட்டும்.