கோலாரிபெட்டா ஏற முழங்கால் தாங்குமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன், வயது 47. ஒரு வாட்ஸ்அப் குழுவில் நீலகிரி கோலாரிபெட்டா மலையேற்றத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மேலே இருந்து ஏரிகள் அழகாகத் தெரியுமாம். இறங்கும்போது இடது முழங்கால் லேசாக வலிக்கும். போகலாமா?

போகலாம். மலை 2,630 மீட்டர், அதனால் முந்தின ராத்திரியே ஊட்டிக்குப் போய்த் தூங்கிவிடுங்கள், மூச்சு வாங்குவது குறையும். உங்களுக்குச் சிக்கல் ஏறுவதில் இல்லை, இறக்கத்தில்தான். ஈரப் புல் சரிவில் கால் வழுக்கும்போது மொத்த எடையும் முட்டியில்தான் விழும். இரண்டு கைக்கும் கோல், பிடிமானமுள்ள ஷூ, சின்ன அடி, இது போதும். வலி தினசரி இருந்தால் மட்டும் முதலில் டாக்டர். அவலாஞ்சி, எமரால்டு நீர்ப்பரப்பெல்லாம் (குந்தா மின்திட்ட அணைகள்தான், ஏரி என்றே வைத்துக்கொள்வோம்) மூடுபனி ஏறிவிட்டால் ஒன்றுமே தெரியாது, காலையிலேயே கிளம்புங்கள்.

சரி, எனக்கு முட்டியை விட அந்த வாட்ஸ்அப் குழுதான் கவலை. 'பர்மிஷன் நாங்க பார்த்துக்கறோம்' என்றார்களா? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் செத்த பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன, இன்னமும் புரோக்கர்கள் விடியுமுன் செக்போஸ்ட்டைத் தாண்டிவிடலாம் என்று ஆள் சேர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் இருந்து வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் முன்பதிவு வாங்கி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புகிறது. அதில் உங்கள் பெயரில் பதிவு இல்லையென்றால் பிடிபடும்போது குழு அட்மினோடு சேர்ந்து நீங்களும் குற்றவாளிதான்.

இன்னொரு ஏமாற்று, இ-பாஸைக் காட்டி அனுமதி வாங்கியாச்சு என்பது. இ-பாஸ் நீலகிரிக்குள் வண்டி நுழைய மட்டும்தான். அதுவும் இலவசம், அதற்கே காசு பிடுங்குகிறார்கள். அரசு பஸ்ஸில் போனால் அதுவும் வேண்டாம். கோவையில் இருந்து வாடகை வேனில் போனால் வேண்டும், ஊட்டி வரை பஸ்ஸில் போய் அங்கே டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவுள்ள ஜீப் பிடித்தால் வேண்டாம், நண்பர் காரில் தொற்றிக்கொண்டு போனால் அந்தக் காருக்கு வேண்டும். ஒரே அரசு, ஒரே மலை, வண்டிக்கு ஒரு தளம் காலுக்கு ஒரு தளம் என்று பிரித்து வைத்தால் புரோக்கர் பிழைக்காமல் என்ன செய்வான்!

அப்புறம், தீக்காலத்தில் பாதைகளை மூடுவார்கள், 2025-ல் பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை மூடினார்கள். அந்தச் சமயத்தில் 'ஸ்பெஷல் ட்ரிப்' என்று யாராவது அழைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

இன்றைக்கே அந்த வாட்ஸ்அப் குழுவிடம் முன்பதிவு ரசீதை உங்கள் பெயர், தேதி, பாதையின் பெயரோடு அனுப்பச் சொல்லுங்கள். 'அங்க வந்து பார்த்துக்கலாம் சார்' என்று இழுத்தால் முன்பணம் கட்டாதீர்கள்.