அம்மாவுக்கு வந்த கல்லீரல் நோய் எனக்கும் வருமா?

கேள்வி: அம்மாவுக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய்). எனக்கு 26 வயது, வரன் பார்க்கிறார்கள். "பரம்பரை வியாதி" என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். எனக்கும் வருமா?

பதில்: வராமல் போவதற்குத்தான் வாய்ப்பு மிக மிக அதிகம், அம்மா. டென்மார்க்கில் நாடு முழுவதற்குமான பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. நோயாளியின் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் போன்றோருக்கு ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. 5 மடங்கு என்றதும் பயந்துவிடாதீர்கள், நோயே அரிதானது என்பதால் 10 ஆண்டுகளில் 1,000 பேரில் ஒருவருக்குத்தான் வந்தது. மரபணு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் இரட்டையரில்கூட, ஒருவருக்கு இருந்து மற்றவருக்கும் வந்தது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அம்மாவிடமிருந்து வருவது நோய் அல்ல, கொஞ்சம் கூடுதலான வாய்ப்பு மட்டும்தான். இதைச் சொல்லி ஒரு பெண்ணை யாராவது ஒதுக்கினால் அது அநியாயம்.

கேள்வி: எச்எல்ஏ டெஸ்ட் எடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது, காசை வீணாக்காதீர்கள். எச்எல்ஏ என்பது புரதத் துண்டுகளைத் தட்டில் ஏந்தி நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் மூலக்கூறு, அந்தத் தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். வட ஐரோப்பியரில் டிஆர்பி1*03:01, 04:01 வகைகளும், ஜப்பானியரில் 04:05-உம், தென் அமெரிக்கக் குழந்தைகளில் 13:01-உம் இந்த நோயோடு சேர்ந்து வருகின்றன. ஆனால் அதே வகைகளோடு ஆயுசு முழுக்க நன்றாக இருப்பவர்கள்தான் ஏராளம். களைப்பு விடவில்லை, கண் மஞ்சளாகிறது என்றால் எல்எஃப்டி (கல்லீரல் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள், அது போதும்.

கேள்வி: இந்த நோய்க்காக அசாதயோபிரின் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை) ஆரம்பித்து மூன்றே வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, வெள்ளணுவும் சரிந்தது. இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளுமா என்று முன்பே பார்க்கும் டிபிஎம்டி டெஸ்ட் நார்மல் என்று வந்திருந்ததே?

பதில்: இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்ல விரும்புகிறேன். டிபிஎம்டி மரபணு ஐரோப்பியரிடம் முக்கியம், நம் ஆட்களுக்கு அதைவிட முக்கியம் என்யுடிடி15. இதன் பங்கை 2014-இல் கொரிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், கிழக்காசியரிடமும் தெற்காசியரிடமும் இதன் மாறிய வடிவம் பரவலாக இருக்கிறது. இந்த மரபணு தரும் நொதி, மாத்திரையிலிருந்து உடலில் உருவாகும் வீரியமான பொருளைச் செயலிழக்கச் செய்கிறது. அது வலுவிழந்தால் அந்தப் பொருள் சேர்ந்துகொண்டே போய் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும், அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் மாறிய பிரதியே வந்திருந்தால் உங்களுக்கு நடந்ததுபோலச் சில வாரங்களிலேயே முடியும் போகும் வெள்ளணுவும் போகும். அதனால் மாத்திரை தொடங்கும் முன்பே "என்யுடிடி15 பார்க்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். வசதி இல்லையென்றால் குறைந்த அளவில் தொடங்கி, முதல் சில வாரங்கள் அடிக்கடி ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். இப்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், பயத்தில் ஸ்டீராய்டையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பச் சீறிவிடும்.

கேள்வி: என் அக்காவுக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ். குடிப்பழக்கமே இல்லாத அவளுக்கு எப்படி சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிப் போவது)?

பதில்: இந்த நோய்க்குச் சாராயம் காரணமே இல்லை. நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள், பலருக்கு நோய் தெரியவரும்போதே கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கும். அக்காவைச் சந்தேகமாகப் பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கஷாயம் குடிக்கலாமா? எனக்குத் தைராய்டு உண்டு, தங்கைக்கு இந்தக் கல்லீரல் நோய்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் வீங்கிய 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள், பார்த்தால் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் மாதிரியே இருந்தது, பிறகு இந்தியாவின் வேறு மையங்களிலிருந்தும் அதே செய்தி வந்தது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த நோயை அது தட்டி எழுப்பியிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. ஆட்டோஇம்யூன் தைராய்டு உள்ளவர்களுக்கும் குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவில்லை, அது ஆள் தெரியாமல் சொந்த வீட்டையே அடிக்கிறது, அதைத் தூண்டிவிடக் கூடாது. ஏற்கெனவே குடித்திருந்தால் இந்த வாரமே எல்எஃப்டி எடுங்கள், கஷாய பாட்டிலையும் கையோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.